கிபாயத்துல்லாவின் மண்ணீரல்

நாகராசு வீட்டுக் காதுகுத்துக்கு ஆட்டுக்கறி போய்ச் சேராததற்கு ஆட்டின் மேல் குற்றமில்லை, மச்சினன் ஷாகிர் மேலும் குற்றமில்லை. முழுக் குற்றமும் கறிக்கடை கிபாயத்துல்லாவுடையது. இலுப்பூர்க் கடைத்தெருவில் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். மறுக்க வழியும் இல்லை. கறி வாங்க நின்ற பதினோரு பேர் கண்ணால் பார்த்த சாட்சி.

"சும்மா ஒக்காந்து பாக்கத்தான் போறேன்" என்று மனைவி நூர்நிஷாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் அன்று விடிகாலை கடைக்குப் போனார். கத்தியைத் தொடக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஆறு மணிக்குள் இருபத்திரண்டு கிலோ போட்டாக வேண்டும். ஷாகிரோ முன்னந்தொடையைக் கட்டையில் வைத்து விறகு பிளந்துகொண்டிருந்தான். எலும்புச் சில்லு ஒன்று பறந்து வந்து கிபாயத்துல்லாவின் கண்ணாடியில் 'டிக்'கென்று அடித்தது.

"மாப்ள, மூட்டுல வையி கத்திய. எலும்பு ஒனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"மூட்டு எங்கிட்டு இருக்குன்னு புடிபடல மச்சான்."

"ஆட்டுக்குத் தெரியுது அதோட மூட்டு எங்கன்னு. அத அறுத்த ஒனக்குத் தெரியல. இங்கிட்டுக் குடு. ஒரே ஒரு வெட்டு. பாத்துக்க."

அந்த ஒரே ஒரு வெட்டு கிபாயத்துல்லாவின் இடது கட்டைவிரலில் இறங்கியது. முப்பது வருசத்தில் கத்தி அவர் சொல் கேட்காமல் போனது அன்றைக்குத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை கைக்கு ஒரு நடுக்கத்தைக் கொடுத்திருந்தது, அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. வேறு மனுசனாக இருந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த துண்டை வெட்டியிருப்பான். இவருடைய ரத்தத்துக்கு நிற்கத் தெரியாது. துணி நனைந்தது, துண்டு நனைந்தது, கை ஆட்டிய திசையெல்லாம் சொட்டி, வெட்டிக் குவித்திருந்த கறியின் மேலேயே விழுந்தது.

மனுச ரத்தம் பட்ட கறியை எந்தச் சாதி, எந்த மதத்துக்காரனுக்கும் கொடுக்க முடியாது. இருபத்திரண்டு கிலோவையும் கண்மாய்க்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்தார்கள். நாகராசு வீட்டில் அவசர அவசரமாகப் பிராய்லர் கோழி வாங்கிப் போட்டார்கள். தாய்மாமன் வகையறா பாதி இலையில் எழுந்து போனது. "காதுகுத்துக்குக் கோழி போட்ட குடும்பம்" என்ற பட்டம் நாகராசுவுக்கு நிலைத்துவிட்டது. கிபாயத்துல்லாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் நாலு தையலும் ஒன்றரை மணி நேர அமுக்கலும்.

இதெல்லாம் ஆரம்பித்தது தை மாதத்தில். கணுக்காலுக்கு மேலே சிவப்பாகப் புள்ளி புள்ளியாக வந்தது. எறும்புக்கடி என்று தேங்காயெண்ணெய் தடவினார். பிறகு தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் ரோஸ் நிறத்தில் போனது. புதுப் பற்பசையின் நிறமென்று நினைத்தார். நூர்நிஷாதான் பற்பசை வெள்ளை என்பதைச் சுட்டிக்காட்டி, கையைப் பிடித்து இழுத்து பஸ் ஏற்றினாள். அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் "ஒண்ணுமில்லாததுக்கு ஒரு நாள் வியாபாரம் போச்சு" என்று புலம்பியபடியே போனார்.

ரத்தத்தை உறைய வைக்கும் அணு ஒன்று இருக்கிறதாம். தட்டணு. நல்ல உடம்பில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது. இவருக்குப் பன்னிரண்டாயிரம். மாத்திரை கொடுத்தார்கள். எழுபதாயிரத்துக்கு ஏறியது. மாத்திரையைக் குறைத்ததும் அதுவும் கூடவே இறங்கியது. மறுபடி கூட்டினார்கள், அணுவோடு முகமும் ஏறியது. மூன்று மாதத்தில் கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பி, கண் உள்ளே போய், கண்ணாடியில் பார்த்தால் தனக்கே ஸலாம் சொல்லத் தோன்றும் அளவுக்கு அந்நியமாகிவிட்டார்.

விரல் வெட்டுக்குப் பிறகு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னார்.

"பாய், ஒங்க ஒடம்பு ஒங்க அணுவையே எதிரின்னு நினைச்சு அடையாளம் வைக்குது. அடையாளம் வச்ச அணுவையெல்லாம் மண்ணீரல் புடிச்சுத் தின்னுருது. மாத்திரைக்கு அடங்கல. இப்படியே விட்டா எப்பயாச்சும் மூளைக்குள்ள கசிஞ்சுரும். மண்ணீரல எடுத்துடலாம்னு நினைக்கிறோம்."

கிபாயத்துல்லாவுக்கு இது நொடியில் புரிந்தது. சந்தையில் வியாபாரி விலை முடித்த ஆட்டின் முதுகில் சாயத்தால் குறி போடுவான். குறி விழுந்த ஆடு வெட்டுக்கு. இவர் உடம்புக்குள் எவனோ புத்தி கெட்ட வியாபாரி உட்கார்ந்துகொண்டு, சொந்தப் பட்டியில் நிற்கிற ஆட்டுக்கெல்லாம் குறி போட்டுத் தள்ளுகிறான். வெட்டுகிற இடம் மண்ணீரல்.

புரியாதது வேறு. மண்ணீரலைக் கறிக்கடையில் சுவரொட்டி என்பார்கள். முப்பது வருசமாக அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர் அவர். "புள்ளத்தாச்சிக்கா? சுவரொட்டி கொண்டு போங்க, ரத்தம் ஊறும்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ரத்தம் ஊற வைக்கிறது என்று அவர் ஊருக்கெல்லாம் கொடுத்த உறுப்பு, அவர் வயிற்றுக்குள் உட்கார்ந்து ரத்தத்தைத் தின்கிறதாம். இதைவிட ஒரு கறிக்கடைக்காரனை அல்லா கேலி செய்ய முடியாது.

"எடுத்துட்டா சரியாயிருமா டாக்டர்?"

"மூணு பேருக்குப் பண்ணுனா ரெண்டு பேருக்கு நல்லா இருக்கும்."

"நான் அந்த ரெண்டுல ஒருத்தனா, மூணாவது ஆளா?"

டாக்டரம்மா சிரித்தார். "அத முன்கூட்டிச் சொல்ல முடியாது பாய்."

"எடுத்தப்புறம் அது இல்லாம மனுசன் இருக்கலாமா?"

"இருக்கலாம். ஆனா ஆபரேசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கணும். அப்புறம் வாழ்நாள் பூராவும் காய்ச்சல்னு வந்தா கசாயம் குடிச்சுட்டு வீட்ல படுக்கக் கூடாது, ஒடனே இங்க ஓடியாந்துடணும். நாய் கடிச்சாலும் அப்படித்தான்."

"அப்ப இருக்கலாமா, கூடாதா?"

"யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம். தெருவில் முப்பத்தாறு வீட்டுக் குர்பானி ஆடு அவர் கைக்குத்தான் வரும். அறுத்துக் கொடுக்க ஷாகிர் போதும், பிஸ்மி சொல்லி அறுப்பது ஒன்றுதான் அவனுக்கு ஒழுங்காக வரும். துண்டு போடுவது யார்? அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டு ஷாகிர் விறகு பிளந்தால், பெருநாளோடு கடையையும் மூடவேண்டியதுதான். அவரைப் பெற்ற அத்தா காலத்துக் கடை.

"பெருநாள் முடியட்டும்" என்றார்.

"அதுவரைக்கும் ஒங்களுக்குத் தாங்குமா?" என்று நூர்நிஷா கேட்டாள்.

"நீ சொல்லு. தாங்குமா தாங்காதா?"

"இன்ஷா அல்லா."

இதுதான் அவருக்கு ஆத்திரம். இந்த மூன்று மாதத்தில் ஒருத்தராவது ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருப்பார்களா? ரத்தம் எடுக்கிற லேபில் பெலிக்ஸ் என்று ஒரு பையன். ரிசல்ட் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "டாக்டர்ட்ட கேட்டுக்கங்கய்யா" என்பான். "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அதையாச்சும் சொல்லேன்பா." "டாக்டர்ட்ட கேட்டுக்கங்கய்யா." அறந்தாங்கியில் கட்டிக் கொடுத்த மகள் ஷமீமா போனில், "எல்லாம் சரியாப் போயிரும்த்தா" என்பாள். "எது சரியாப் போகும்?" "எல்லாந்தான்த்தா."

வீட்டில் அதைவிட மோசம். தையல் போட்டு வந்த அன்றே கடையிலிருந்த மூன்று கத்தியையும் நூர்நிஷா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"கத்தி எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"இருக்க வேண்டிய எடத்துல."

"ஷாகிரு எத வச்சு வெட்டுறான்? பல்லாலயா?"

"நீங்க மாத்திரையப் போடுங்க."

அவளும் வீட்டில் தங்குவதில்லை. பஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு கஞ்சியை மூடி வைத்துவிட்டு, "மகளிர் குழுக் கூட்டம்" என்று கிளம்பினால் பதினொரு மணிக்குத்தான் வருவாள். விடிகாலை ஐந்தரைக்கு எந்த ஊரில் குழு கூடுகிறது என்று கேட்டால், "வெயிலுக்கு முந்திப் பேசிருவோம்ல" என்பாள். அக்னி நட்சத்திரம் கொளுத்தியது உண்மைதான். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. காற்றாடி அனலை எடுத்து மூஞ்சியில் அடித்தது. கிபாயத்துல்லா பனியனோடு கூடத்தில் குந்தி நுங்கு தின்றபடி, யாரும் பதில் சொல்லாத கேள்விகளைச் சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. தன் மருந்தைத் தானே பார்த்துக்கொண்டார். ஷாகிரைப் போனில் மிரட்டி, தினமும் ஒரு சுவரொட்டியை வாழை இலையில் சுற்றிக் கொல்லைப் பக்கமாக வர வைத்தார். நூர்நிஷா இல்லாத நேரத்தில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கித் தின்றார். 'ஆட்டு மண்ணீரல் போய் நம்ம மண்ணீரல்ட்ட நாலு நல்ல வார்த்தை சொல்லும்' என்பது அவர் கணக்கு. கூடவே பப்பாளி இலைச் சாறு. ஒன்பது நாள். பத்தாம் நாள் ரத்தம் கொடுக்கப் போனபோது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அணு எட்டாயிரம்.

அவருடைய கைவைத்தியத்தைக் கேட்ட டாக்டரம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டார். "சுவரொட்டி நல்லதுதான் பாய். இரும்புச் சத்து இல்லாதவங்களுக்கு. ஒங்களுக்குக் குறையுறது அது இல்லயே. இந்த வாரத்துக்குள்ள ஊசி போட்டாத்தான் அடுத்து மருந்து ஏத்தி, அணுவத் தூக்கி, ஆபரேசன் பண்ண முடியும். என்ன சொல்றீங்க?"

முப்பது வருசம் புள்ளத்தாச்சிகளுக்குச் சொன்னது பொய்யில்லை என்பதில் மட்டும் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல். மற்றபடி, "பெருநாள் முடியட்டும்" என்றார். பஸ்ஸில் வழி முழுக்க நூர்நிஷா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் மதியம் அவள் வைத்த கால் சூப்பில்தான் முதல் சந்தேகம் வந்தது. கிண்ணத்தில் கிடந்த முழங்கால் மூட்டு, பூவை விரித்ததுபோல் இரண்டாகத் திறந்திருந்தது. ஓரத்தில் பிசிறு இல்லை. அடியில் எலும்புச் சில்லு ஒன்றுகூட இல்லை. கிபாயத்துல்லா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கடைக் கறியா?"

"வேற எந்தக் கடை?"

"ஷாகிரா வெட்டுனான்?"

"சூடு ஆறிப் போகுது, குடிங்க."

சாயங்காலம் நாகராசு பார்க்க வந்தான். சண்டை போட வந்தானோ என்று கிபாயத்துல்லா தலையணையைச் சற்று முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். அவன் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன பாய், நல்லா சதை போட்டுட்டீங்க."

"அது சதையில்ல, மாத்திரை. காதுகுத்து விசயத்துல நான் பண்ணுனது..."

"அத விடுங்க. எங்க மாமன் மொறை இன்னமும் என்னப் பாத்தா கொக்கரக்கோன்னு கூவிட்டுத்தான் போறான். அது என் தலையெழுத்து. ஆனா ஒண்ணு சொல்லணும். இப்பக் கடைல கறி பிரமாதம் பாய். தப்பா நினைக்காதீங்க, நீங்க வெட்டுனப்பக்கூட கொழுப்பு இப்படி அளவாப் பிரிச்சு வந்ததில்ல."

கிபாயத்துல்லாவின் உப்பிய முகம் இன்னும் கொஞ்சம் உப்பியது. "யாரு வெட்டுறா?"

நாகராசு வாழைப்பழச் சீப்பைப் பார்த்தான். "எனக்கு என்ன பாய் தெரியும். துட்டக் குடுக்கிறேன், கறிய வாங்கறேன்."

"கட்டைக்கு முன்னாடி யாரு ஒக்காந்திருக்கான்னு கண்ணுக்குத் தெரியாதா?"

"முன்னாடி ஷாகிரு நிக்கிறாப்ல. பின்னாடி சாக்குப் படுதா தொங்குது. சரி, வாரேன் பாய். ஒடம்பப் பாத்துக்கங்க."

படுதாவா! அன்று ராத்திரி முழுக்க அவருக்கு அந்தப் படுதா கண்ணுக்குள் ஆடியது. விடியும்போது முடிவுக்கு வந்துவிட்டார். அன்னவாசல் திருப்பதி. சந்தேகமே இல்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் மூட்டைப் பார்க்காமலே திறக்கக்கூடியவன் அவன் ஒருத்தன்தான், போட்டிக் கடைக்காரன். மச்சினன் அவனைக் கூலிக்குக் கூட்டிவந்து, அத்தா உட்கார்ந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் படுதாவும் கட்டியிருக்கிறான். சூடு சொரணை உள்ள மனுசன் இதைப் பொறுப்பானா?

நூர்நிஷா குழுக் கூட்டத்துக்குப் போன பிறகு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எட்டாயிரம் அணுவோடு ஒரு மனுசன் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் அவரும் யோசித்துச் சொல்லுங்கள் என்பார்.

கடை முன்னால் கூட்டம். சண்டைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னேறியவரை, ஒரு கிழவர் முழங்கையால் தடுத்தார்.

"வரிசைல வாய்யா. நாங்கள்லாம் மனுசரில்லயா?"

கிபாயத்துல்லா திரும்பிப் பார்த்தார். பதினைந்து வருச வாடிக்கை. பேரன் பேத்தி பெயர்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கிழவருக்கு இந்தப் பூரி முகம் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சொந்தக் கடையில் எட்டாவது ஆளாக நின்றார்.

நின்றதில்தான் காதுக்கு வேலை வந்தது. படுதாவுக்குப் பின்னாலிருந்து புளியங்கட்டையில் கத்தி விழும் சத்தம். டொக் டொக்... தட். டொக் டொக்... தட். வெட்டுக்கு முன்னால் கத்தி நுனியால் மெல்ல இரண்டு தட்டு, மூட்டு இருக்குமிடத்தைக் கட்டையே காட்டிக் கொடுப்பதற்கு. அப்புறம் ஒரே வெட்டு. திருப்பதி அப்படி வெட்ட மாட்டான், அவன் கத்தியை இழுப்பான். இந்த இரண்டு தட்டு கிபாயத்துல்லாவுடையது. அத்தாவுக்குக்கூடக் கிடையாது. யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. இருபத்தாறு வருசமாகப் பெருநாள்தோறும் வீட்டுக் கொல்லையில் அவர் துண்டு போட, எதிரே குந்திக் குடலைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு மட்டும் அது தெரிந்திருக்கலாம்.

படுதாவின் அடியில் ஒரு கால் தெரிந்தது. பித்தளை மெட்டி. குதிகாலில் வெடிப்பு. வெடிப்புக்கு அவரே வாங்கிக் கொடுத்த களிம்பு.

முன்னால் நின்ற ஷாகிர் நிமிர்ந்தான். அவனுக்கு அந்த முகம் தெரியும். தராசுத் தட்டைக் கீழே வைத்தான். "ம... மச்சான்" என்றான்.

கிபாயத்துல்லா உதட்டில் விரல் வைத்தார். படுதாவைத் தூக்க அவருக்கு இரண்டே எட்டுதான். தூக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. 'கொழுப்ப இங்கிட்டு ஒதுக்கு, குடு நான் காட்டுறேன்' என்பார். குடு என்றால் அவள் கொடுத்துவிடுவாள். வரிசையை விட்டு விலகி, கட்டைவிரலைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

பதினொரு மணிக்கு நூர்நிஷா வந்தாள். வாசலிலேயே நின்றாள். ஷாகிர் சொல்லியிருப்பான். முகத்தில் வேர்வை வழிந்தது. இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"குழுக் கூட்டம் முடிஞ்சுதா?" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"விரல்ல என்ன?"

"பட்டுருச்சு."

"எத்தன தடவ?"

"மூணு. மொத வாரத்துல ரெண்டு, இன்னிக்கு ஒண்ணு." செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ரெண்டு நிமிசத்துல நின்னுருச்சு" என்றாள். சொன்ன பிறகு, அதை இவரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வந்து காட்டிக் குடுக்குறேன்னு கத்திய வாங்குவீங்க. அன்னிக்கு ஷாகிருகிட்ட வாங்குன மாதிரி. அந்த ரத்தத்த நாந்தானே கழுவி விட்டேன். ஏழு குடம் தண்ணி."

காற்றாடி கிறீச்சிட்டுச் சுற்றியது. அவள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தடுப்பூசிச் சீட்டு. நாளைத் தேதி அவள் கையெழுத்தில் இருந்தது. யாரைக் கேட்டுத் தேதி வாங்கினாய் என்று பாய நினைத்தவருக்கு, வேறொரு கேள்விதான் நாக்கில் வந்து நின்றது. மூன்று மாதமாக அதைச் சுற்றித்தான் மற்ற கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"நூரு. நான் பொழைக்காம மவுத்தாப் போயிருவேன்னு நெனச்சுத்தானே நீ கத்துக்கிட்ட?"

'வாயக் கழுவுங்க' என்பாள், 'இன்ஷா அல்லா' என்பாள், 'மாத்திரையப் போடுங்க' என்பாள் என்று மூன்றுக்கும் தயாராகக் காத்திருந்தார்.

"ஆமா" என்றாள் நூர்நிஷா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் கத்திய எடுத்தேன். மொத நாலு நாளு அழுதுக்கிட்டே வெட்டுனேன். இப்பக் கை பழகிப் போச்சு. கேட்டுக்கங்க ஷமீமா அத்தா, பெருநாளுக்கு முப்பத்தாறு வீட்டுக்கும் நாந்தான் துண்டு போடுவேன். நீங்க நல்லாயித் திரும்பி வந்தாலும் கத்தியத் தர மாட்டேன். தராசப் புடிங்க."